பழைய போர் விமானங்களில் எது அசல், எது புதுசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் விமான ஆர்வம் உள்ளவர்கள் எப்போதுமே அதிகம். ராணுவக் குடும்பங்கள் நிறைய, மலைக்குக் கீழே சூலூரில் விமானப்படைத் தளம் வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் பறக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "சார், இது நிஜமாவே அந்தக் காலத்து விமானமா, இல்ல புதுசா செஞ்சதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களுடைய தாத்தாக்களும் கேட்பார்கள். விமானங்களின் உடற்பகுதியில் தகடு வேலையும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வேலையும் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

1940-ல் சண்டைக்குப் போன ஸ்பிட்ஃபயர் இன்றும் பறக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். பி 9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே 24 அன்று பிரான்சின் கலே கடற்கரையில் அடிபட்டு இறங்கியது. ஓட்டிய பீட்டர் கேஸனோவ் போர்க்கைதியானார், விமானத்தை மணல் விழுங்கிவிட்டது. நாற்பது வருடம் கழித்து மணல் விலகி அது வெளியே தெரிந்தது, 2011-ல் மறுபடி பறந்தது. அது விழுந்த இரண்டாம் நாள், மே 26 அன்று, கலேக்குப் பக்கத்திலேயே சங்காட் கடற்கரையில் இறங்கிய என் 3200 என்ற இன்னொரு ஸ்பிட்ஃபயரை 1986-ல் எடுத்தார்கள், 2014-ல் பறக்கவிட்டார்கள். அது இப்போது இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில், இம்பீரியல் வார் மியூசியத்தின் சொத்து.

உப்புத்தண்ணீரில் அத்தனை வருடம் கிடந்த அலுமினியத் தகடு தகடாகவே இருக்காது. வெள்ளையாகப் பூத்து, தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்து வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் வானத்துக்குப் போக முடியாது. ஆக, இன்று பறக்கும் அந்த இரண்டு விமானங்களிலும் பெரும்பகுதி புதிய உலோகம்தான். செய்தவர்கள் இதை மறைக்கவும் இல்லை, மறைக்கத் தேவையும் இல்லை.

அப்படியென்றால் பழசு என்று எதுதான் மிஞ்சுகிறது?

அது விமானத்துக்கு விமானம் மாறும். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் எப்படி இருக்கும் என்றால், சதுரக் குழாய்க்குள் சதுரக் குழாய், அதற்குள் இன்னொன்று என்று ஐந்து குழாய்களைச் செருகிச் செய்திருப்பார்கள். உடலோடு சேரும் இடத்தில் பாரம் அதிகம் என்பதால் அங்கே ஐந்தும் இருக்கும், இறக்கை நுனியை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றாகக் குறையும். அற்புதமான யோசனை. ஆனால் உள் குழாயில் அரிப்பு இருந்தால் வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. அதனால் பறக்க வேண்டிய விமானத்துக்கு ஸ்பார் புதிதாகத்தான் போடுவார்கள், இதில் பேரம் பேச இடமில்லை. ரிவெட்டுகளும் அப்படித்தான், பழைய தகட்டையே திரும்ப மாட்டினாலும் ரிவெட் ஒவ்வொன்றும் புதிது.

மிஞ்சுவது என்ன? வார்ப்பு பாகங்கள், அடித்துச் செய்த எஃகு பிராக்கெட்டுகள், கட்டுப்பாட்டுக் கம்பிகளின் இணைப்புகள், காக்பிட்டில் உள்ள பாகங்கள், சில சமயம் எஞ்சின். இவற்றைச் சுத்தம் செய்து, எக்ஸ்ரே எடுத்து, சாயம் ஊற்றி விரிசல் பார்த்து, தேறினால் மாட்டுவார்கள். தேறாவிட்டால் அதை அச்சாக வைத்துப் புதிது செய்வார்கள். ஸ்பிட்ஃபயரில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாம் நம்பர் ஃபிரேமுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே நிற்கும் நெருப்புத் தடுப்புச் சுவர் அது, விமானத்தின் அடையாளத் தகடும் அதில்தான் இருக்கும்.

கடலில் கிடக்காமல், தொடர்ந்து யாரோ ஒருவர் பராமரித்துவந்த விமானங்களின் கதை வேறு. பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவில் இருக்கும் பி 7350 ஸ்பிட்ஃபயர் 1940-ல் ஜெர்மனிக்கு எதிரான பிரிட்டன் வான்போரில் நிஜமாகவே பறந்தது, இடது இறக்கையில் குண்டு துளைத்த இடங்களை ஒட்டுப்போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மாதிரித் தழும்பு எனக்கு எந்தப் பளபளப்பையும் விடப் பெரிது.

அடையாளத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு முழு விமானத்தையும் புதிதாகச் செய்வது மோசடி இல்லையா?

சில பட்டறைகளில் அடையாளத் தகடு, கொஞ்சம் நசுங்கிய உலோகம், அவ்வளவுதான் கையில் இருக்கும். மற்றதெல்லாம் பட்டறையில் புதிதாகச் செய்ததாக இருக்கும். அதற்குப் பழைய எண்ணைக் கொடுத்து, போரில் பறந்த விமானம் என்று விற்பார்கள். ஆவணப்படி இதற்கு இடம் உண்டு, ஏனென்றால் விமானத்தின் பதிவு அதன் எண்ணைத் தொடர்ந்து போகிறது. பணமும் இதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன பி 9374, 2015-ல் லண்டன் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதே வடிவத்தில் வரலாறு எதுவும் இல்லாமல் நேற்று செய்த ஒன்றுக்கு அந்த விலை வராது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய உலோகம் போட்டது தப்பே இல்லை. எது புதிது, எது பழையது, பழையது எந்த விமானத்திலிருந்து வந்தது என்ற கணக்கை எழுதி வைக்காமல் விடுவதுதான் தப்பு. ஒரே விமானத்தின் மிச்சங்களை இரண்டு பேர் வாங்கி, ஆளுக்கொரு பகுதியை வைத்து விமானம் கட்டி, இரண்டு பேரும் அதே எண்ணுக்கு உரிமை கொண்டாடும் தகராறு இந்தத் துறையில் பழசு. பாகவாரியான கணக்கு இருந்தால் அங்கே சண்டைக்கே இடமில்லை.

நம்ம மலை ரயில் எஞ்சினுக்கும் இதே கதைதானே?

ஆமாம், இதை நம் ஊர்க்காரர்கள் கேட்கும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை, 1914-லிருந்து 1952 வரை மொத்தம் 17 வந்தன. அவை தேயத் தேய, திருச்சி பொன்மலைப் பணிமனையில் பிரித்து, பாய்லர் மாற்றி, பாகங்கள் செய்து போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்புறம் 2011-லிருந்து பொன்மலையிலேயே எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களைச் செய்தார்கள், 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்தார்கள்.

இதில் எது அசல்? சுவிஸ் எஞ்சின் அசல், பாய்லர் மாற்றியிருந்தாலும் அசல், ஏனென்றால் அது இந்தப் பாதையில் ஓடிய ஓட்டம் அறுபடவில்லை. பொன்மலை எஞ்சின் புதியது, அதைப் புதியது என்றே சொல்கிறார்கள், அதற்குத் தனி எண் கொடுத்திருக்கிறார்கள், 1914 என்று யாரும் தகடு அடித்து ஒட்டவில்லை. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்து அது ஏறும்போது சத்தத்தில் ஒரு குறையும் கிடையாது. ஸ்பிட்ஃபயர் கட்டுகிற சில பட்டறைகள் பொன்மலையிடம் பாடம் கேட்கலாம் என்று நான் மனதாரச் சொல்வேன்.

இந்தியாவிலிருந்து வெளிநாடு போய்ப் பறக்கும் விமானங்கள் உண்டா?

நிறைய உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது ஆர் 4118 என்ற ஹரிகேன், இதுவும் பிரிட்டிஷ் போர் விமானம்தான். 1940-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 605-வது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவில் 49 தடவை போருக்குப் பறந்த விமானம். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 1947-ல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்கக் கொடுக்கப்பட்டது. அங்கேயே வெயிலிலும் மழையிலும் நின்றது. பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் 1982-ல் அதைப் பார்த்தார், கடிதம் மேல் கடிதம் போட்டு 2001-ல்தான் கொண்டுபோக முடிந்தது, 2004 டிசம்பரில் பறந்தது. ஹரிகேன் ஸ்பிட்ஃபயர் மாதிரி முழுத் தகடு விமானம் இல்லை. உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச்சட்டம், பின்பாதி முழுக்கத் துணி. துணியும் மரமும் போனாலும் எஃகு தாக்குப்பிடிக்கும். வேறு விமானங்களின் பாகங்களோடு கலக்காமல் ஒரே விமானமாகக் கிடைத்ததும் அதன் அதிர்ஷ்டம்.

டெம்பெஸ்ட் இரண்டாம் ரகப் போர் விமானங்களும் நம் விமானப்படையில் இருந்து, ஓய்வுபெற்று, தளங்களின் ஓரத்தில் கிடந்து, 1970-களின் கடைசியில் மொத்தமாக பிரிட்டனுக்குப் போயின. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் கதை இன்னும் பெரியது. போர் முடிந்ததும் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர்களை, இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று உடைத்துவைத்துவிட்டுத்தான் போனார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள் அவற்றைப் பறக்குமளவுக்கு ஒட்டவைத்து, ஜம்ஷெத் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிவர, அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டவை முழுதாகச் சரிசெய்யப்பட்டன. அவை 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தக் கூட்டத்திலிருந்து போனவை. ஆனால் அங்கெல்லாம் அவற்றுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் உள்ள ஒன்று இதுவரை மூன்று வேறு வேறு விமானங்களின் வேஷத்தில் பறந்திருக்கிறது. எச்.ஏ.எல். ஃபிட்டர்கள் போட்ட ரிவெட் அதற்குள் இருக்கலாம், அதை யாராவது எழுதி வைக்க வேண்டாமா? இதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

நம் விமானப்படையின் டகோட்டா போக்குவரத்து விமானம் விபி 905, 1947-ல் ஸ்ரீநகர் போன அதே விமானமா?

இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று முதலாவது சீக்கியப் படைப்பிரிவினரை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண் விபி 905. 2018-ல் 'பரசுராமா' என்ற பெயரோடு ஹிண்டன் தளத்தில் சேர்ந்தது வேறொரு டகோட்டா. வெளிநாட்டில் கிடந்ததை ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் பழுதுபார்த்துப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. பழைய விமானத்தின் நினைவாக எண்ணைச் சூட்டினார்கள். இது போர்க்காலத்து அசல் டகோட்டாதான், அந்த டகோட்டா இல்லை, அவ்வளவுதான். விமானப்படை இதை மறைக்கவில்லை. செய்தியைப் பகிர்கிறவர்கள்தான் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

பழைய பாகம் எதுவுமே இல்லாமல், முழுக்கப் புதிதாகச் செய்தவற்றை என்ன சொல்வது?

புதுக் கட்டுமானம் என்று சொன்னால் போதும். ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262 ஜெட்டை அமெரிக்காவில் ஐந்து செய்தார்கள். பழைய விமானம் ஒன்றைப் பிரித்து அளவெடுத்து, அதன்படி செய்தது. மெசர்ஷ்மிட் அறக்கட்டளை ஒப்புதல் கொடுத்து, 1945-ல் நின்றுபோன தயாரிப்பு எண்களின் தொடர்ச்சியையே இவற்றுக்குக் கொடுத்தது. ரஷ்யாவின் ஓரன்பர்கில் 1990-களில் யாக் 3 மறுபடி செய்யப்பட்டது. ஜெர்மனியில் ஃப்ளூக் வெர்க் நிறுவனம் ஃபோக்க-வுல்ஃப் 190 செய்தது.

இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் தொகுப்பில் ஒரு சோப்வித் டிரைப்ளேன் இருக்கிறது, முதல் உலகப் போர் ரகம், தன்னார்வலர்கள் பல வருடம் உட்கார்ந்து பழைய வரைபடப்படி செய்தது. விமானத்தை முதலில் உருவாக்கிய தாமஸ் சோப்வித் அப்போது உயிரோடு இருந்தார். வேலையின் தரத்தைப் பார்த்துவிட்டு, இது நகல் இல்லை, எங்கள் தயாரிப்பில் தாமதமாக வெளிவந்த ஒன்று என்று அவரே சொல்லிவிட்டார். செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்.

எஞ்சின் வேறாக இருந்தால் அசல் என்று சொல்லலாமா?

எனக்குத் தகட்டை விட எஞ்சின் முக்கியம், ஏனென்றால் சத்தம், அதிர்வு, மூக்கின் வடிவம் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் நடைமுறை வேறு. மெசர்ஷ்மிட் 262-ன் அசல் யூமோ எஞ்சின் 10 முதல் 25 மணி நேரம் ஓடினாலே பெரிது, நல்ல உலோகக் கலவை கிடைக்காத காலத்தில் செய்தது. அதை மாட்டி இன்று ஒருவரை மேலே அனுப்புவது பாவம். புதியவற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினை, பழைய எஞ்சின் மாதிரி ஒரு கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. யாக் 3-க்கு அமெரிக்க ஆலிசன் எஞ்சின்.

படங்களில் ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109 என்று காட்டுவதில் பல, ஸ்பெயின் நாட்டில் போருக்குப் பிறகு செய்த புச்சோன் ரகம். அதற்குள் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், அதாவது எதிரியான ஸ்பிட்ஃபயரின் எஞ்சின்! மூக்குக்குக் கீழே தொங்கும் தாடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஜப்பானின் ஜீரோ விமானங்களில், அசல் சகாயே எஞ்சினோடு பறப்பது என்றால் கலிஃபோர்னியாவின் சினோவில் பிளேன்ஸ் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கும் 61-120 தான். மற்றவற்றில் அமெரிக்க எஞ்சின்.

மரத்தில் செய்த விமானங்கள்?

மொஸ்கிட்டோதான் இதில் பெரிய பெயர். ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் பசையும் சேர்ந்த விமானம். நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது ஒத்துவரவில்லை, 1944-ல் இந்தியப் பகுதியில் இருந்தவற்றில் இறக்கை ஒட்டு விட்டுப்போவது தெரிந்து பறக்காமல் நிறுத்திவைத்தார்கள். ஊட்டியில் ஆனி, ஆடி மழைக்குக் கதவு ஊதி மூட முடியாமல் தவிப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் இன்று பறக்கும் மொஸ்கிட்டோக்களில் பெரும்பாலானவற்றில் மரம் முழுக்கப் புதிது. நியூசிலாந்தில் 2012-ல் பறந்த கேஏ 114-க்கு முதலில் அச்சுகளையே புதிதாகச் செய்துவிட்டுத்தான் உடலைச் செய்தார்கள்.

பெயின்ட் விஷயத்தில் ஏன் இவ்வளவு சண்டை?

பெயின்ட் ஒரு சாட்சி. அடுக்கடுக்காக மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால் எந்த ஸ்குவாட்ரன், எந்த எழுத்து, எப்போது நிறம் மாறியது என்று எல்லாம் வெளியே வரும். மேலே புதுசாக அடித்தால் அது மறையும், சுரண்டிவிட்டு அடித்தால் அழிந்தே போகும். 1942 ஜூனில் எகிப்துப் பாலைவனத்தில் இறங்கிய கிட்டிஹாக் போர் விமானம் ஒன்று 2012-ல் அப்படியே கிடைத்தது. விமானி டென்னிஸ் காப்பிங் என்ன ஆனார் என்பதே தெரியவில்லை. எழுபது வருட மணல் தேய்த்த அந்த உடம்பை எல் அலமெய்ன் அருங்காட்சியகத்தில் பளிச்சென்று பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. இதற்கு நேர் எதிராக, நார்வே ஏரியிலிருந்து 1973-ல் எடுத்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை, கிடைத்த கோலத்திலேயே லண்டனில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஆர்.ஏ.எஃப். மியூசியம் வைத்திருக்கிறது.

பறக்கவிடுவது நல்லதா, மியூசியத்தில் நிறுத்துவது நல்லதா?

இரண்டும் வேண்டும், ஒரே விமானத்தில் அல்ல. பறக்க வேண்டும் என்றால் பாகம் மாற்றியே ஆக வேண்டும், பறக்கும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பழசு குறையும். 'பிளாக் 6' என்ற மெசர்ஷ்மிட் 109 லிபியாவில் 1942-ல் பிடிபட்ட அசல் விமானம். ரஸ் ஸ்னாடனும் நண்பர்களும் ஏறக்குறைய இருபது வருடம் உழைத்து 1991-ல் பறக்கவிட்டார்கள். 1997-ல், இனி மியூசியத்துக்குத்தான் என்று முடிவாகியிருந்த கட்டத்தில், டக்ஸ்ஃபோர்டில் இறங்கும்போது கவிழ்ந்தது. விமானி தப்பித்தார், விமானத்தைச் சரிசெய்து நிறுத்திவிட்டார்கள். அந்த அளவு அசலாக மிஞ்சிய ஒன்றைப் பறக்கவிட்டிருக்கவே கூடாது என்பது என் எண்ணம். கலே ஸ்பிட்ஃபயர் மாதிரி பெரும்பாலும் புதிய உலோகமாக இருப்பதைத் தாராளமாகப் பறக்கவிடுங்கள், மெர்லின் சத்தத்தைப் பிள்ளைகள் காதால் கேட்கட்டும்.

பர்மாவில் ஸ்பிட்ஃபயர்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்களாமே?

2013-ல் ரங்கூன் மிங்கலடோன் விமான நிலையத்தில் தோண்டிப் பார்த்தார்கள், ஒரு விமானமும் கிடைக்கவில்லை. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய என்பதால் இந்தக் கேள்வி ஓயாது.

ஒரு விமானம் எவ்வளவு அசல் என்று நானே பார்க்க வழி உண்டா?

அறிவிப்புப் பலகையில் என்ன சொல்லவில்லை என்று பாருங்கள். "இந்த ரகம் 1940-ல் பறந்தது" என்பதும் "இந்த விமானம் 1940-ல் பறந்தது" என்பதும் வேறு வேறு. எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசியாகப் பறந்த நாளிலிருந்து பட்டறைக்கு வந்த நாள் வரை எங்கே இருந்தது என்று தேடுங்கள், நடுவில் இருபது வருடம் காணாமல் போனால் சந்தேகப்படுங்கள். அப்புறம் பொறுப்பில் இருப்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், "ஸ்பார் எப்போது போட்டது? எந்தத் தகடு பழசு?" என்று. நல்ல பட்டறைக்காரர் சந்தோஷமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார், அவருக்கு அது பெருமை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் விமானப்படைப் பொருட்கள் இருக்கின்றன, என்ன செய்வது?

இது வெலிங்டன், கோத்தகிரி பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. சென்னை மாகாணம் போருக்குக் கொடுத்த நன்கொடைக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்று சேர்த்தார்கள், அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால் ஆச்சரியமில்லை. பித்தளையை பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். கருவியின் முகப்பில் எழுத்து பச்சையாக மினுங்கினாலோ பழுப்பேறியிருந்தாலோ அது ரேடியம் பூச்சாக இருக்கலாம், திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பறந்த கணக்கை எழுதிய லாக்புக்கை லேமினேட் செய்யவே வேண்டாம். நம் மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து, எந்த எண் விமானம், எந்த ஊர், யார் சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். தாத்தா இருக்கிறார் என்றால் இந்த வாரமே உட்கார்ந்து அவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.